ஏலக்காய் வாசம் அடித்த சிம்னிப் பெட்டி

என்னைப் பற்றி நானே பெருமையாகப் பேசிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. வேறு யாரும் பேசாதபோது நான்தானே பேச வேண்டும். நான்காம் பாரத்தோடு (இப்போது ஒன்பதாம் வகுப்பு என்கிறார்கள்) படிப்பை நிறுத்தியவன், இன்று போடியில் அட்டைப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கிறேன். என் பெட்டியில் போன கண்ணாடிச் சாமான் உடைந்தது என்று ஒருவன் வந்து சொல்லட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன். இதை எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் சொல்வேன். (பாயசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் எழுந்து போய்விடுவார். அது அவர் நஷ்டம்.) ஆனால் ஏன் நான்காம் பாரத்தோடு நின்றேன் என்பதை மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லி வந்திருக்கிறேன். பாதிப் பேரிடம் வறுமை என்றேன், மீதிப் பேரிடம் வாத்தியார் கொடுமை என்றேன். இரண்டும் பொய். என் வாய்தான் காரணம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. மலைமேல் ஏலத்தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருந்த லயன் வீடுகளில் அப்போது கரண்ட் கிடையாது, அரிக்கேன் விளக்குதான். அதற்குப் போடியிலிருந்து கண்ணாடிச் சிம்னி அனுப்புவார்கள். போடிமெட்டு வளைவெல்லாம் சுற்றி லாரி மேலே போய்ச் சேரும்போது பாதிச் சிம்னி தூளாகியிருக்கும். எஸ்டேட் முதலாளி ஒருவர் எங்கள் பள்ளிக்கூட விழாவுக்குத் தலைமை தாங்க வந்தவர், மேடையிலேயே ஒரு போட்டி வைத்தார். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து பையன்கள் பெட்டி செய்ய வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு டஜன் சிம்னி வைத்து லாரியில் மேலே போய்த் திரும்ப வேண்டும். நல்ல பெட்டி செய்தவர்களில் ஒருவனை மதுரையில் தொழிற்படிப்புக்குச் சேர்த்துவிடுவது அவர் பொறுப்பு.

அன்று மத்தியானமே நான் மனசுக்குள் மதுரைக்குப் போய்விட்டேன். கால்சட்டையைக் கழற்றி எறிந்து பேன்ட்டும் போட்டாயிற்று.

எங்கள் குழுவில் மூன்று பேர். பரமன், தச்சர் மகன், பலகை அறுக்க. சீனி, தபாலாபீஸ் குமாஸ்தா மகன், வாயைத் திறக்க மாட்டான். மூன்றாவது நான், தலைவன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, நானே இருந்துகொண்டேன்.

மற்ற இரண்டு குழுவில் ஒன்று வைக்கோலை நம்பியது, ஒன்று மரத்தூளை. என் மூளை அப்படியா. ஏலக்காயை உருட்டிச் சுத்தம் செய்யும் கொட்டகையில் காம்பும் வாலும் உதிர்ந்த தோலும் குவிந்து கிடக்கும். அதை அள்ளி வந்து பெட்டிக்குள் மெத்தை போட்டேன். ஒவ்வொரு சிம்னிக்கும் தனிக் குழி. பெட்டிக்கு வெளியே பழைய ஏலக்காய்ச் சாக்கை இரண்டு சுற்றுச் சுற்றித் தைத்தேன். இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தோம். ஒன்றும் உடையவில்லை. பரமன் என்னைக் கும்பிட்டான். நான் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

சாக்கின் நாலு பக்கமும் தார் மையில் கொட்டை எழுத்தாக 'கண்ணாடி. மெதுவாக இறக்கவும்' என்று எழுதினேன். என் கையெழுத்து அந்தப் பள்ளியிலேயே பிரசித்தம். அப்போதுதான் சீனி வாயைத் திறந்தான்.

"ஒரு சிம்னி படமும் போட்டுருவமா?"

"எதுக்கு? சிம்னிக்குக் கல்யாணமா?"

"இல்ல... லோடு எறக்குறவங்க எல்லாருக்கும் படிக்கத் தெரியாதுல்ல."

"படிக்கத் தெரியாதவனுக்குப் படம் போட்டு வெளையாட்டுக் காட்ட இது பாலர் வகுப்பாடா? எழுதினாப் போதும். படிக்கத் தெரியலேன்னா அவன் தலையெழுத்து."

சீனி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவன் அப்படிப் பார்க்கக் காரணம் உண்டு. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அவன் வீடு. என் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பது வகுப்பில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யா லாரி செட்டில் லோடு ஏற்றி இறக்குகிறவர். பள்ளிக்கூடத்தில் நான் சொல்லி வைத்திருந்தது, "எங்கய்யா லோடுக் கணக்கு எழுதுறாரு" என்று. (அய்யாவுக்குத் தன் பேரை எழுதவே வராது.) பெட்டியைப் பற்றி வீட்டில் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் பார்க்கிறேன் என்று தலையில் துண்டோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து நிற்பார் என்ற பயம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பெட்டியைப் பச்சைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துப் போடிமெட்டுக்குப் போய்வந்திருப்பார்.

விஞ்ஞான வாத்தியார் கண்டிப்பான ஆள். லாரிக்காரர்களிடம் ஒன்றும் சொல்லக் கூடாது, வழக்கமான லோடோடு லோடாகப் போய் வரட்டும், அதுதான் நியாயம் என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் லாரி திரும்பியது. மேலிருந்து ஏலக்காய் மூட்டைகள் ஏற்றி வந்த லாரி, போகிற வழியில் எங்கள் பெட்டிகளை மட்டும் இறக்கிவிட்டுப் போகப் பள்ளிக்கூட வாசலில் நின்றது. நாங்கள் ஹாலுக்குள் மேசையைச் சுற்றி நின்றோம். முதலாளி நாற்காலியில், வாத்தியார் பக்கத்தில், மற்றப் பையன்கள் வெளியே சன்னல் கம்பியில். லாரிமேல் யார் நிற்கிறார்கள் என்பது ஹாலிலிருந்து தெரியாது.

வெளியே, "ஏய், பாத்து, வைக்கோல் பெட்டி. பையப் பிடி" என்று இன்ஜின் இரைச்சலுக்குள் ஒரு குரல். அடுத்து, "இது தூள் பெட்டி, இதையும் பைய." அதற்கு அடுத்தது எங்களுடையது. குரல் இல்லை. பிறகு தொம் என்று ஒரு சத்தம்.

"மூட்டை ஏதோ சரிஞ்சிருச்சு போல" என்று நான் முதலாளியைப் பார்த்துச் சிரித்தேன்.

பெட்டியை ஒருவன் தூக்கி வந்து மேசையில் வைத்தான். வைக்கும்போதே உள்ளே சலங்கை கட்டிய மாதிரி ஒரு ஓசை. தையலைப் பிரித்தோம். பன்னிரண்டு குழியிலும் கண்ணாடித் தூள். ஏலக்காய் வாசம் மட்டும் முழுசாக வந்து சேர்ந்திருந்தது.

வைக்கோல்காரர்களுக்கு ஐந்து சிம்னி பிழைத்திருந்தது, தூள்காரர்களுக்கு நாலு. எனக்குள் மதுரை ரயில் புறப்பட்டுப் போவது காதில் கேட்டது. அதற்குப் பிறகு வாயில் வந்ததைத் தடுக்க ஆளில்லை.

"பெட்டியில குத்தம் இல்ல சார். எழுதினதைப் படிக்காம மேலேர்ந்து எறிஞ்சிருக்கான். எந்தத் தற்குறிப் பய அவன்? வரச்சொல்லுங்க, கேப்போம்."

வரச் சொன்னார்கள். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே அய்யா உள்ளே வந்தார்.

முதலாளி கேட்டார். "ஏப்பா, இத்தாம் பெரிசா எழுதியிருக்கே, கண்ணு தெரியல?"

"கண்ணு நல்லாத் தெரியுதுங்க. எழுத்துதான் தெரியாது."

"அப்ப மத்த ரெண்டையும் மட்டும் எப்படிப் பதமா எறக்குனே?"

"ஒண்ணுல வைக்கோல் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணுல தூள் சிந்துச்சு. உள்ள ஏதோ ஒடையுற சாமான்னு தெரிஞ்சுபோச்சு. இது ஏலக்காய்ச் சாக்கு. மோந்து பாத்தேன், ஏலக்காய்தான். ஏலக்காய் மூட்டைய நாங்க எறிஞ்சுதாங்க எறக்குறது. அது ஒடையுற சாமானா?"

ஹாலே சிரித்தது. முதலாளி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அய்யா அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். வெளியில் நின்று நான் கத்தியதைக் கேட்டிருக்கிறார். என் முகத்தைப் பார்த்தார், சட்டை போட்ட பையன்களைப் பார்த்தார், எல்லாவற்றையும் ஒரே பார்வையில் படித்துவிட்டார். என்னிடம் எந்நேரமும் "ஏலே" போட்டுப் பேசுகிற மனுஷன் சொன்னார்:

"தப்பு நடந்துபோச்சுங்க தம்பி. மனசுல வச்சுக்கிறாதீங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. உலகத்தில் எதற்கெல்லாமோ திறந்த வாய். சீனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அய்யா குனிந்து மேசைக்குக் கீழே சிந்திய கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டு போனார்.

அதோடாவது முடிந்ததா. வாத்தியார் கேட்டார், "ஏலக்காய்ச் சாக்குல சுத்தினா ஏலக்காய்னு நெனைப்பாங்கன்னு ஒருத்தனுக்குக்கூடத் தோணலையா?"

பரமன் பாவி. "சீனி படம் போடுவம்னு சொன்னான் சார். இவன்தான் படிக்காதவன் தலையெழுத்துன்னு சொல்லிட்டான்."

முதலாளி சிரிப்பை நிறுத்திச் சீனியைப் பக்கத்தில் கூப்பிட்டார். உடைந்த பெட்டி செய்தவர்களிலிருந்து ஒருவன் மதுரைக்குப் போனான். அது நான் இல்லை. சீனி பிற்பாடு பெரிய இன்ஜினீயராகி, வடக்கே எங்கெங்கோ அணையெல்லாம் கட்டினான்.

வீட்டில் அய்யா மறுநாள் காலையில், "ஏலே, பள்ளிக்கூடம் போ" என்றார். நான் போகவில்லை. அந்த ஹால் வாசலை என்னால் மிதிக்க முடியவில்லை. லாரி செட்டுக்குப் போய் நின்றேன். அய்யா லாரிமேல் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, பிடி" என்றார். மூட்டை வந்து நெஞ்சில் விழுந்தது. அடுத்த ஒரு வருஷம் எங்களுக்குள் இருந்த பேச்சு வார்த்தை அந்த ஒரு வார்த்தைதான். பிடி. பிடி. பிடி. (மூட்டையை நன்றாகப் பிடிப்பேன். அதிலும் போடியில் நம்பர் ஒன் நான்தான்.)

லோடு தூக்கினேன், சாக்கு வாங்கி விற்றேன், பெட்டி செய்தேன், கம்பெனி வைத்தேன். முதல் அட்டைப்பெட்டியில் கண்ணாடி டம்ளர் படம் அச்சடித்து வந்தபோது வீட்டுக்கு எடுத்துப்போய் அய்யாவிடம் காட்டினேன். அப்போது அவருக்குத் தோள் இறங்கிவிட்டிருந்தது. பெட்டியை வாங்கி முதலில் மோந்து பார்த்தார். பிறகு படத்தை விரலால் தடவினார்.

"படம் யாரு யோசனை?"

"என் யோசனைதான் அய்யா."

"நல்லா இருக்குங்க தம்பி" என்றார்.

கிண்டலா, மன்னிப்பா, வயசான தடுமாற்றமா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. அதற்கு அப்புறம் அவர் இரண்டு வருஷம்தான் இருந்தார்.

என் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியும். நான் சொன்ன கதை. அதில் வருகிறவன் யாரோ ஒரு லோடுக்காரத் தற்குறி. பெட்டியை மோந்து பார்த்துவிட்டு ஏலக்காய் என்று எறிந்தவன். அதை நான் மூக்கைச் சுளித்து நடித்துக் காட்டுவேன். அய்யாவும் அதே கூடத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்தபோது அவரும் சிரித்தார்.

எங்கள் வீட்டில் இன்றும் எந்தச் சாமானைக் கையில் கொடுத்தாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வைப்பார்கள். போன வாரம் புது டிவி வந்தது. பேரன் அட்டைப்பெட்டிமேல் மூக்கை வைத்து உறிஞ்சிவிட்டு, "ஏலக்காய் இல்ல தாத்தா, மெதுவா எறக்கச் சொல்லுங்க. அந்தத் தற்குறி மாதிரி எறிஞ்சிறப் போறாங்க" என்றான். வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

அவன் பெயர், எங்கள் வழக்கப்படி, அய்யாவின் பெயர்தான்.