விவேக் நகரில் ஓர் எரிகோ

எங்கள் வீட்டில் நான்கு பேர். மூன்று பேர் நல்லவர்கள். நான் உற்சாகமானவள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், நல்லவர்களால் அடுத்தவர் சொத்துக்குச் சேதம் வராது.

எங்கள் குடும்ப ஜெபம் இரவு எட்டரைக்கு. அம்மாவின் சீரியல் முடிந்து அப்பாவின் தூக்கம் தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கிற சந்தில் ஆண்டவரை உட்கார வைத்திருந்தோம். ஆளுக்கு நாலு வசனம், வட்டமாக வாசிப்பு. அப்பா ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெயின்டனன்ஸ் பார்க்கிறவர். சிங்கக் கெபியும் சரி, செங்கடலும் சரி, அவர் வாயில் ‘கதவுகள் மூடுகின்றன’ என்கிற அதே குரலில்தான் வெளியே வரும். சாம் அண்ணன் தன் முறை வருவதற்குள் போனில் ஒரு ஓவர் கிரிக்கெட் பார்த்துவிடுவான். அம்மா மட்டும் உண்மையாகக் கேட்பார். கேட்டுக்கொண்டே மறுநாளைக்கு பீன்ஸ் நறுக்குவார்.

அந்த வருஷம்தான் எனக்கு முதல் வேலை. மற்ற கம்பெனி ஆட்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் கம்பெனி. சேர்ந்த இரண்டாவது வாரமே எனக்கு ஒரு வியாதி தொற்றியது: யார் எதைச் சொன்னாலும், “சரி, இதுல நம்ம ஆக்‌ஷன் பாயின்ட் என்ன?” என்று கேட்பது. (பால்காரரிடம்கூடக் கேட்டிருக்கிறேன். “பாக்கெட்ட உள்ள எடுத்து வைங்க” என்றார்.)

ஒருநாள் ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்று அறிவித்தேன். “இனிமே சும்மா வாசிக்கறது கிடையாது. ஒவ்வொரு கதைக்கும் ஒரு ஆக்‌ஷன் பாயின்ட். வாசிக்கறோம், செய்யறோம்.”

“இன்னாத்தமா செய்யணும்?” என்றார் அப்பா. எங்கள் குடும்பம் கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. பெங்களூரு வந்து இத்தனை வருஷமாகியும் அப்பாவின் ‘இன்னா’ மட்டும் இடம் மாறவில்லை.

“கதையில இருக்கறத.”

முதலில் தாவீது. கோலியாத்து மாதிரியான ஓர் ஆளை எதிர்த்து நிற்பது என்பது செயல். சாம் தன் மேனேஜரை எதிர்த்து நின்றான். மறுவாரமே அவனுக்கு நைட் ஷிஃப்ட். அடுத்தது தானியேல். பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் மட்டும். நாலாவது நாள் அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் கபாப் வாசனை கும்மென்று அடித்தது.

“லிஃப்ட்ல யாரோ பார்சல் எடுத்துனு வந்தாங்கம்மா. சட்டையில ஒட்டிக்கிச்சு.”

“மீசையிலயுமா?” என்றார் அம்மா.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதே மாதம் வீட்டுப் பிரச்சினை வந்தது.

நாங்கள் விவேக் நகரில் வாடகைக்கு இருந்தோம். ஓனரின் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறான், காலி செய்யுங்கள் என்றார்கள். அம்மா அங்கேயே ஒரு நர்சரி ஸ்கூலில் யு.கே.ஜி. மிஸ். நடந்து போகிற தூரம். எங்கள் பட்ஜெட்டுக்கு வீடு கிடைத்ததெல்லாம் சந்தாபுராவில். அங்கே போனால் அம்மா தினமும் இரண்டு பஸ் மாறி, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வர வேண்டும். அவருடைய முழங்கால் அதற்கு ஒப்புக்கொள்ளாது. வேலையை விட வேண்டியதுதான். அம்மா அதை வாய் திறந்து சொல்லவில்லை. பீன்ஸை மட்டும் வழக்கத்தைவிடப் பொடியாக நறுக்கினார்.

அப்போதுதான் நாலு தெரு தள்ளி ஒரு கார்னர் வீடு அமைந்தது. கீழ்த்தளம் வாடகைக்கு, மாடியில் ஓனர் ராமண்ணா அங்கிளும் சரோஜா ஆன்ட்டியும். கன்னடக்காரர்கள், தமிழ் கலந்து பேசுவார்கள். வீடு எங்களுக்குப் பிடித்தது. எங்களை அவர்களுக்குப் பிடித்ததா என்று தெரியவில்லை. “இன்னொரு ஃபேமிலியும் கேட்டிதாரே. ஞாயித்துக்கிழமை ஹேள்த்தீவி” என்றார் அங்கிள். (சொல்கிறோம் என்று அர்த்தம். அந்த இன்னொரு குடும்பத்தில் இரண்டு பேருமே ஐ.டி., குழந்தை இல்லை, சத்தம் இல்லை. ஓனர்களின் கனவுக் குடும்பம்.)

அந்த வெள்ளிக்கிழமை இரவு வாசிப்பில் வந்தது எரிகோ. யோசுவாவின் ஜனங்கள் வாயைத் திறக்காமல் நகரத்தைச் சுற்றி வந்தார்கள், ஆறு நாள் தினம் ஒரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று, எக்காளம் ஊதி ஆர்ப்பரித்தார்கள், மதில் விழுந்தது, நகரம் அவர்கள் கைக்கு வந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. “அம்மா! கார்னர் வீடு!”

“கார்னர் வீட்டுக்கு இன்னா?” என்றார் அப்பா.

“முன்னாடி ரோடு, பக்கத்துல கிராஸ் ரோடு, பின்னாடி கன்சர்வன்சி சந்து, அந்தப் பக்கம் காலி சைட். நாலு பக்கமும் வழி இருக்கு. சுத்தி வரலாம்!”

“ஏழு நாளா? ஞாயித்துக்கிழம சொல்லிடுவாங்களே” என்றான் சாம்.

“சுருக்கிடலாம். நாளைக்கே ஏழு சுத்து.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்திருப்பார். அம்மா பைபிளை மூடிவிட்டு, “காலையில எத்தன மணிக்கு?” என்றார்.

எனக்கு அப்போது பெருமை தாங்கவில்லை. அந்த வீட்டுக்காக அம்மா எதையும் செய்யத் தயாராக இருந்தார் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணி. நான் முன்னால், பின்னால் அம்மா, அப்பா, கடைசியில் சாம். எக்காளத்துக்கு, ஸ்டேடியம் வாசலில் சாம் வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் ஊதல். கறாரான விதி ஒன்று போட்டிருந்தேன்: ஏழாவது சுற்று முடியும்வரை யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. என்ன நடந்தாலும்.

முதல் சுற்று தேவ சமாதானத்தோடு போனது. இரண்டாவதில் ஒரு தெருநாய் சேர்ந்துகொண்டது. மூன்றாவதில் ராமண்ணா அங்கிள் குரங்குக் குல்லாவோடு பால்கனிக்கு வந்தார்.

“ஏன் ஸார், இஷ்டு பேகா? இவ்ளோ காலையில வாக்கிங்கா?”

அப்பா ஆகாயத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார்.

நாலாவது சுற்றில் சரோஜா ஆன்ட்டி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். “ஏம்மா, என்ன ஆச்சு? நாலு பேரும் இப்படி…” என்று எழுந்தார். அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் போக மனமில்லை. விதியையும் மீற மனமில்லை. வாயின்மேல் விரலை வைத்துக் காட்டி, அதே விரலால் வானத்தைக் காட்டினார். ஆண்டவருக்காக மௌனமாயிருக்கிறோம் என்று அர்த்தமாம்.

ஆன்ட்டியின் முகம் சுருங்கியது. கையிலிருந்த கோலப்பொடி டப்பா கீழே போனது. “அய்யய்யோ! ரீ, கெளகே பன்னி!” என்று கணவரைக் கீழே அழைத்தார். “இவங்க வீட்ல யாரோ ஹோகிபிட்ரு!” யாரோ இறந்துவிட்டார்கள் என்று.

ஐந்தாவது சுற்றில் அங்கிள் எங்களோடு நடந்தார். செருப்பில்லாமல், அப்பாவின் தோளில் கைபோட்டு. “யாரு ஸார்? பெரியவங்களா? எல்லி? எங்க, கே.ஜி.எஃப்லயா?” அப்பா வாயை இறுக மூடி, கண் கலங்க நடந்தார். (சிரிப்பை அடக்கியதில் கலங்கிய கண் என்று பின்னால் ஒப்புக்கொண்டார்.) அங்கிளுக்கு அது இன்னும் துக்கமாகப் பட்டது, அவரும் அழ ஆரம்பித்தார். ஆறாவது சுற்றில் ஆன்ட்டியும் சேர்ந்துகொண்டார். முக்காடு போட்டிருந்தார். மொத்தம் ஆறு பேரும் ஒரு நாயும். எங்கள் எரிகோவின் குடிமக்களே எங்களோடு சேர்ந்து எரிகோவைச் சுற்றினார்கள்.

இப்போது தண்ணீர் லாரி. காலி சைட் பக்கம் அங்கிள் வீட்டு சம்ப்பில் தண்ணீர் நிரப்ப ஒரு டேங்கர் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அங்கிள்தான் பின்னால் நின்று ‘பா பா பா’ என்று கையசைத்து அதை நிறுத்த வைப்பவர். அன்று அவர் துக்க ஊர்வலத்தில் இருந்தார். டிரைவர் கண்ணாடியைப் பார்த்தபடி அங்குலம் அங்குலமாகக் காம்பவுண்டு சுவரை நெருங்கிக்கொண்டிருந்தார்.

ஏழாவது சுற்று முடிந்தது. நான் கையை உயர்த்தினேன். சாம் நுரையீரலில் இருந்த மொத்தக் காற்றையும் ஊதலில் இறக்கினான். “அல்லேலூயா!” என்று நாலு பேரும் அடிவயிற்றிலிருந்து கத்தினோம். நாய் ஊளையிட்டது. டிரைவர், யாரோ சக்கரத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று பதறி, பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்தார்.

சுவர் விழுந்தது.

அதிலும் ஒரு நிதானம் இருந்தது. முதலில் சாய்ந்தது, யோசித்தது, பிறகு படுத்தது. தூசிக்கு நடுவே பூரண அமைதி. பழக்க தோஷத்தில் அம்மாவின் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

“ஸ்தோத்திரம்.”

யாருக்கும் அடிபடவில்லை என்பது தெரிந்ததும் ராமண்ணா அங்கிள் குல்லாவைக் கழற்றினார். “யாரு செத்தது?”

“யாரும் சாகல அங்கிள்,” என்றேன். பேசலாம் என்பதால் உற்சாகம் திரும்பிவிட்டது. “எங்க பைபிள்ல ஒந்து கதே இதே…” என்று ஆரம்பித்து, சுற்று, எக்காளம், மதில் எல்லாவற்றையும் கைகால் ஆட்டிச் சொல்லி முடித்தேன்.

“மனே பேக்கு அந்தா மனேனே கெடவோதா?” என்றார் அவர். வீடு வேண்டும் என்பதற்காக வீட்டையே இடிப்பார்களா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அடுத்த கேள்வி அதைவிட நியாயமானது. “சரி, அந்த ஊர்ல செவுரு விழுந்துச்சு. உள்ள இருந்தவங்க என்ன ஆனாங்க?”

சண்டே ஸ்கூல் படத்தில் மதில் விழும், எல்லோரும் பாடுவார்கள், பக்கம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன வருகிறது என்று நேற்று இரவு நானே வாசித்திருந்தேன். ஆண், பெண், ஆடு, மாடு, கழுதை, ஒன்று மிஞ்சவில்லை. நாய் என்னையே பார்த்தது.

“அவங்க… ஷிஃப்ட் ஆயிட்டாங்க அங்கிள்.”

“எல்லிகே?” என்றார் ஆன்ட்டி. எங்கே என்று.

அப்பாவுக்குப் பொய் வராது. லிஃப்ட் குரலில் சொன்னார். “செத்துட்டாங்க ஸார். எல்லாரும்.”

“இல்லல்ல, ஒரு குடும்பம் தப்பிச்சது!” என்று பாய்ந்தேன். “ராகாப்னு ஒரு ஆன்ட்டி! அவங்க வீட்ல எல்லாரும் சேஃப்!”

“அவங்க மட்டும் எப்படித் தப்பிச்சாங்க?”

“வெளியிலருந்து வந்தவங்களுக்கு வீட்ல இடம் குடுத்தாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிக் கேட்டது என்று எனக்கே உறைத்தது.

“மிரட்டறியாம்மா?” என்றார் அங்கிள்.

“அய்யோ, இல்ல அங்கிள்!”

“பாவம், நல்ல அம்மா. என்ன வேலை பார்த்தாங்க அவங்க?” என்றார் ஆன்ட்டி, உண்மையான அக்கறையோடு. பைபிளில் ‘ராகாப் என்னும் வேசி’ என்றுதான் எழுதியிருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். அப்பா என் கையை இறுகப் பிடித்தார். “ஷைனி. வேணாம். போதும்.”

அம்மா அதுவரை ஓரமாக நின்றிருந்தார். இப்போது முன்னால் வந்தார். யு.கே.ஜி. மிஸ்ஸின் குரல் இல்லை. “தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. என் ஸ்கூல் இங்கேர்ந்து நடந்து போற தூரம். சந்தாபுரா போனா என் முட்டிக்கு ஆகாது, வேலையை விடணும். எனக்கு அந்தப் பிள்ளைங்கள விட்டா வேற எதுவும் தெரியாது. அதான் இவ சொன்னதும் வந்துட்டேன். வீடு இல்லன்னாலும் பரவால்ல. செவுத்த நாங்களே கட்டித் தர்றோம்.”

சாமும் நானும் தலையைக் குனிந்துகொண்டோம். அம்மா இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

சரோஜா ஆன்ட்டி முக்காட்டை இறக்கினார். “அல்லம்மா, இத்தன சுத்து சுத்தினீங்களே. ஒரே ஒரு தடவ கேட்டைத் தட்டி இத சொல்லியிருந்தா ஆகாதா?” என்றார். சொல்லும்போதே ஏதோ நினைத்துக்கொண்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து, கணவரைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். “ரீ, நீங்க அழுதீங்கல்ல! யாருக்கு அழுதீங்க?”

“சும்னே அழுதேன்” என்றார் அங்கிள். அவராலும் முகத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை.

அன்று முழுக்க நாங்கள் செங்கல் அடுக்கினோம். டேங்கர் டிரைவரும் சேர்ந்துகொண்டார். “இனிமே கூவறதுனா முன்னாடியே சொல்லிடுங்கம்மா” என்று அவர் என்னிடம் மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டார். பதினொரு மணிக்கு ஆன்ட்டி உப்பிட்டு (நம் உப்புமாதான்) கொடுத்தார். கே.ஜி.எஃப்பிலிருந்து அப்பாவின் மேஸ்திரி நண்பர் வந்து பத்து நாளில் சுவரை எழுப்பினார். பழையதைவிட நேராக இருக்கிறது என்று அங்கிளே சொன்னார்.

சுவர் எழும்பும் முன்பே, அந்த ஞாயிற்றுக்கிழமையே பதில் வந்தது. வீடு எங்களுக்கு. ஜெபம் பண்ணலாம், பாட்டுப் பாடலாம், கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் கட்டலாம். ஆன்ட்டி போட்டது ஒரே நிபந்தனை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “சுத்தறதுன்னா ஆறு சாகு. ஏளு பேடா.” ஆறு போதும், ஏழு வேண்டாம்.

இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். அம்மா நடந்தே ஸ்கூலுக்குப் போகிறார். குடும்ப ஜெபத்தில் ஆக்‌ஷன் பாயின்ட் ஒழிக்கப்பட்டுவிட்டது. நான் புதிதாக எதையாவது ஆரம்பித்தால் சாம் தலையைத் தூக்காமலே “ஆறு சாகு” என்பான். அப்பாவின் ஆஸ்பத்திரியில்கூட இந்த வாக்கியம் பரவியிருக்கிறது. லிஃப்டில் ஆள் அதிகமானால் அதைத்தான் சொல்கிறார்களாம்.

போனில் பேசும்போது என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது. மாலையில் காதில் போனோடு வீட்டைச் சுற்றி நடப்பேன். ஒரு சுற்று முடிந்ததும் மாடியிலிருந்து ஆன்ட்டி எண்ணும் குரல் வரும்.

“ஒந்து.”

அடுத்த முறை அங்கிளும் பால்கனிக்கு வந்துவிடுவார். “எரடு…”

போனில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், ஆறு என்று கேட்டதும் நான் வீட்டுக்குள் போய்விடுகிறேன். சுவரின் நன்மைக்காக.