கருவுற்ற கணவர்

பறவை பார்க்கப் போகிறவர்கள் தொலைநோக்கியும் தொப்பியுமாக ஏரிக்கரை ஏரிக்கரையாக அலைகிறார்கள். வாசகரே, இன்று நான் காட்டப்போகும் இனத்தைப் பார்க்க அவ்வளவு சிரமம் வேண்டாம். மகப்பேறு மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்தால் போதும். வரிசையாகப் பெண்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவே ஒருவர் மட்டும், ஒரு கையை இடுப்பில் ஊன்றி, லேசாகப் பின்னால் சாய்ந்து, பெருமூச்சு விட்டபடி நின்றுகொண்டிருப்பார். அவருக்கு மீசை இருக்கும்.

அவர்தான். கருவுற்ற கணவர்.

பொறுப்பான கணவரோடு இவரைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பொறுப்பான கணவர் மனைவிக்கு மாத்திரை வாங்கிவந்து கொடுப்பார். இவரும் வாங்கிவருவார், ஆனால் அது வயிற்றுக்குள் போய் யார் யாரைப் பார்த்து என்னென்ன வேலை செய்யும் என்று சொல்லி முடிக்கும்வரை மாத்திரையைக் கையை விட்டுக் கொடுக்க மாட்டார். பொறுப்பான கணவர், "அவ முழுகாம இருக்கா" என்பார். இவர், "நாங்க முழுகாம இருக்கோம்" என்பார். அந்த "நாங்க"வில் மனைவியின் பங்கு எவ்வளவு என்று கேட்டுவிடாதீர்கள். இடம் கொடுத்தவள். அவ்வளவுதான்.

நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். குடைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். நாள் முழுக்கக் குடையை விரிப்பார், மடக்குவார், கம்பியைத் தட்டுவார், குழாயடியில் பிடித்து எங்கேயாவது ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். பார்த்துவிட்டு "போகலாம்" என்றோ "நிக்கட்டும்" என்றோ தீர்ப்புச் சொல்வார். வருஷக்கணக்காக இப்படியே பழகிப்போன மனிதர் என்பதால், உலகத்தில் ஏதாவது ஒரு பொருள் தன் பார்வைக்கு வராமலே உருவாகிவிடுமோ என்ற கவலை அவருக்கு எப்போதும் உண்டு. அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பழகுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கில் பாதத்தை வைத்துக்கொண்டு, மதில் சுவரைப் பார்த்துப் போகும் வண்டிக்குள் இருந்தபடியே "பரவாயில்ல, மெதுவா" என்று சொல்வது அவள் வேலை. அந்தப் பொறுமை மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கதை முதல் மாதத்திலேயே முடிந்திருக்கும். மணவாழ்க்கையும்தான்.

ஒரு நாள் காலை அவள் குளியலறையிலிருந்து வந்து, இரண்டு கோடு விழுந்த பரிசோதனைக் குச்சியை அவர் முன்னால் நீட்டினாள். நம்மவர் என்ன செய்தார்? வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். "போகலாம்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். நன்றாகவே அழுதார், அதை நான் மறைக்க மாட்டேன்.

கண்ணீர் காய்வதற்குள் கைபேசி கைக்கு வந்துவிட்டது. முட்டை எங்கிருந்து கிளம்பியது, விந்தணு எந்த வழியாக வந்தது, இரண்டும் எந்தச் சந்தில் சந்தித்துக்கொண்டன என்று படித்தார், படம் பார்த்தார், நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அடுத்த நாள் வேலைக்குப் போனபோது அவர் சாதாரண மனிதராகப் போகவில்லை. சுமார் முப்பது கோடி பேர் ஓடிய ஓட்டத்தில் முதலாவதாக வந்தவராகப் போனார். வழியில் எத்தனை பேர் அமிலத்தில் வெந்து செத்தார்கள், எத்தனை பேர் முட்டையே இல்லாத குழாய்க்குள் திரும்பித் தொலைந்தார்கள் என்றெல்லாம், தானே கூட ஓடியவர் மாதிரி, கைப்பிடி மாட்டும் பிரிவில் நின்று உச்சுக்கொட்டினார். மாலையில் வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அந்த வெற்றியை விவரித்தார்.

அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "முட்டை ஒண்ணே ஒண்ணு. அது யாரையும் தேடி ஓடல. வந்து முட்டி மோதினதுல ஒருத்தனுக்குக் கதவத் திறந்துட்டு, மத்தவங்களுக்குச் சாத்திக்கிச்சு. இதுல நீங்க எங்க ஓடினீங்க?"

அதை ஒரு விஞ்ஞானக் கருத்தாக ஏற்க அவர் மறுத்துவிட்டார்.

மருத்துவரிடம் முதல் தடவை போனபோது பெரிய தகராறே ஆகியிருக்கும். ஐந்து வாரம் என்றார் மருத்துவர். மூன்று வாரம்தான், தனக்குத் தெரியாதா என்றார் இவர். கடைசியாகத் தூரமான நாளிலிருந்துதான் கணக்கு, அதனால் முதல் இரண்டு வாரத்தில் குழந்தை என்று ஒன்றும் இருக்காது என்று மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நம்மவர் ஆடிப்போய்விட்டார். கர்ப்பம் இருக்கிறது, கரு இல்லை, அது எப்படி? அதுவும் அந்த இரண்டு வாரமும், அலமாரியை எந்தச் சுவரில் சாய்த்து வைப்பது என்ற பிரச்சினையில் அவரும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவே இல்லை. பேச்சுவார்த்தை இல்லாத காலத்தில் தன் மனைவி கர்ப்பமாக இருந்ததாகப் பதிவு செய்வதை அவரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மருத்துவர் மணியை அழுத்தி அடுத்தவரை வரச் சொன்னார்.

அதற்குள் மாமியார் வந்து சேர்ந்தார். நாலு பிள்ளை பெற்றவர். கருவுற்ற கணவருக்கு இதைவிட நல்ல மாணவி கிடைப்பாரா? நம்மவர் அவரை உட்காரவைத்து ஆரம்பித்தார். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, முசுக்கொட்டைப் பழம் மாதிரி ஒரு உருண்டையாகக் குழாய் வழியே உருண்டு வந்து, நடுவில் தண்ணீர் கோத்துக்கொண்டு, கருப்பைச் சுவரில் போய்ப் பதியும் கதையைக் கையைக் காலை ஆட்டிச் சொன்னார். பதியும் இடம் வந்தபோது சோபாவில் குப்புற விழுந்தே காட்டினார். மாமியார் கடைசிவரை கேட்டுவிட்டு, "எனக்கு இதெல்லாம் எங்க தெரிஞ்சுது மாப்பிள்ளை? பெத்தேன், அவ்வளவுதான்" என்றார். அது பாராட்டு என்று நம்மவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு நரம்புக் குழாய் மூடும் வாரம் வந்தது. முதுகு நெடுக ஒரு வாய்க்கால் மாதிரி திறந்து கிடப்பது இரண்டு பக்கமும் எழும்பி ஒட்டிக்கொண்டு குழாயாகும், மேலே மூளை, கீழே தண்டுவடம். கொஞ்சம் ஏமாந்தால் போச்சு என்று அவர் எங்கேயோ படித்திருந்தார். அதற்கு மாத்திரை உண்டு, மனைவி ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தாள். ஆனால் மாத்திரையை மட்டும் நம்பி ஒரு பரிசோதகர் சும்மா இருக்க முடியுமா? வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது என்றார். கதவைச் சாத்தக் கூடாது. மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுக்கக் கூடாது என்று மாடியேறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மூடுவது என்ன, மூடும்போது யாராவது ஆட்டிவிட்டால் என்ன ஆகும் என்று அவர் படியிலேயே விளக்கியதைக் கேட்ட மேல்வீட்டுக்காரர், அந்த வாரம் முழுக்க வெறுங்காலோடு நடந்தார். மனைவி வாந்தியெடுத்தாலும் சத்தமில்லாமல் எடுக்க வேண்டியிருந்தது.

வாந்தியைப் பற்றிச் சொல்ல மறந்தேனே. அவரும் எடுத்தார். பசை வாசனை ஆகவில்லை என்று தொழிற்சாலையில் இரண்டு தடவை ஓடினார். வயிறு முன்னால் வந்தது. தூக்கம் வரவில்லை, கால் வீங்குகிறது, யாரும் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று ஒரு நாள் குடைகளுக்கு நடுவில் கண்கலங்கினார். மேலாளர் நல்ல மனிதர். உட்கார நாற்காலி போட்டுக்கொடுத்தார்.

இத்தனை களேபரத்தில் ஒரு விஷயம் நடக்கவில்லை. அந்த வாரங்களில் "உனக்கு எப்படி இருக்கு?" என்று மனைவியை அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அவளுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியுமே. கண்ணாடி முன்னால் அவள் சும்மா நின்றால்கூட, அது எந்தச் சுரப்பி செய்யும் வேலை என்று பின்னாலிருந்து சொல்வார். அவள் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டாள். அதற்கும் அவர் ஒரு சுரப்பி வைத்திருந்தார்.

எட்டாம் வாரம் வால் பிரச்சினை. இந்தக் கட்டத்தில் கருவுக்குக் குட்டியாக ஒரு வால் இருக்கும், பிறகு சுருங்கிக் காணாமல் போய்விடும் என்று எல்லாப் படத்திலும் போட்டிருந்தது. காணாமல் போகாவிட்டால்? மாமியாரிடம் மெதுவாகப் போய், "அத்தை, உங்க பக்கத்துல யாருக்காவது..." என்று இழுத்து விசாரித்தார்.

மாமியார் யோசித்தார். "எங்க பக்கம் யாருக்கும் இல்ல மாப்பிள்ளை. உங்க அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

அவர் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலையில், வேலைக்குக் கிளம்பிய மனைவி குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரத்தம் படுது" என்றாள். குரல் உயரவில்லை.

எத்தனை படம் பார்த்திருந்தார், எத்தனை பக்கம் படித்திருந்தார். ஒன்றும் முன்னால் வந்து நிற்கவில்லை. அவர் ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடினார். போட்டுக்கொண்டது மாமியாரின் செருப்பு. வண்டியில் ஏறியதும் சாவி துவாரத்துக்குள் போகவில்லை. மனைவி சாவியை வாங்கிக்கொண்டு, "தள்ளிக்கோங்க" என்றாள். அவளே ஓட்டினாள். மாமியார் பின்னால் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம்மவர் பக்கத்து சீட்டில், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார்.

பாதி வழியில் சிக்னலில் வண்டி நின்றது.

"ஏதாவது பேசுங்க" என்றாள்.

"என்ன பேச?"

"எதையாவது. அந்த வாலு, குழாய், எதையாவது சொல்லுங்க. நீங்க பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

அவர் வாயைத் திறந்தார். இவ்வளவு நாளில் முதல் தடவையாக அவளே கேட்கிறாள். ஒரு வார்த்தை வர வேண்டுமே.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். "நிஜமா ஒண்ணுமே தெரியல." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். இதெல்லாம் எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. "உனக்கு வலிக்குதா?" என்று கேட்டார்.

அவள், "இல்ல" என்றாள். கையை நீட்டி அவர் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, பச்சை விழுந்ததும் எடுத்துக்கொண்டாள்.

ஸ்கேன் அறை இருட்டாக, குளிராக இருந்தது. ஸ்கேன் எடுக்கும் மருத்துவர் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிவைத்துக்கொண்டு, கருவியை நகர்த்தினார், நிறுத்தினார், மறுபடி நகர்த்தினார். நம்மவர் மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, கேட்டால் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுவாரோ என்று மூச்சுவிடாமல் நின்றார். கடைசியில் மருத்துவர் திரையைத் திருப்பினார். சாம்பல் நிறத்துக்குள் அவரை விதை மாதிரி ஒன்று. அதன் நடுவில் ஒரு புள்ளி படபடவென்று மின்னி மின்னி அடங்கிக்கொண்டிருந்தது.

"துடிக்குது. நல்லா இருக்கு" என்றார் மருத்துவர். அப்புறம் கருவியைக் கொஞ்சம் சாய்த்தார். "இதுவும் நல்லா இருக்கு."

பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் ஒரு புள்ளி.

நம்மவர் திரையைக் குனிந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார்.

"கோளாறுக்கெல்லாம் இதயம் துடிக்காதுங்க" என்றார் மருத்துவர். "ரெட்டை. ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. உள்ள ஒட்டறதுக்கு முன்னாடியோ, ஒட்டற சமயத்துலயோ நடந்திருக்கும்."

"யாரக் கேட்டு?"

மருத்துவர் தன் நீண்ட அனுபவத்தில் இந்தக் கேள்வியை எதிர்கொண்டதில்லை. "யாரையும் கேக்கலைங்க" என்றார்.

படுத்திருந்த மனைவி முதலில் சத்தமில்லாமல் குலுங்கினாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தார். இல்லை, சிரித்தாள். சிரித்து, கண்ணில் நீர் வழிந்து, வயிறு குலுங்கி, திரையில் இருந்த இருவரும் சேர்ந்து குலுங்கி, "ஆட்டாதீங்கம்மா" என்று மருத்துவர் சொல்லும்படி ஆனது. நம்மவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரத்தம் பலருக்கும் இப்படிக் கொஞ்சம் படுவதுண்டு, பயப்பட வேண்டாம், ஓய்வெடுத்தால் போதும், ரெட்டை என்பதால் அடிக்கடி வந்து காட்டுங்கள் என்று சொன்னதெல்லாம் மாமியார் காதில்தான் விழுந்தது.

அதன்பிறகு வீடு நம்ப முடியாத அளவுக்கு அமைதியானது. காலையில் எழுந்ததும் மனைவியிடம், "எப்படி இருக்கு?" என்பார். அவள் சொல்வாள். இவர் கேட்டுக்கொள்வார். நடுவில் விளக்கம் இல்லை. தன் பார்வைக்கு வராமலே ஒரு முழு ஆள் உருவாகி, வாரக்கணக்காகத் தன் வீட்டில் குடியிருந்தது அவரை உள்ளுக்குள் நொறுக்கிவிட்டது. தொழிற்சாலையில் ஒவ்வொரு குடையையும் விரித்து, உள்ளே இன்னொன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதா என்று மாமியார்கூடக் கவலைப்பட்டார். மனைவி அந்த அமைதியைக் கண்ணை மூடிக்கொண்டு அனுபவித்தாள்.

குணமாகிவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐந்தாம் மாதம் காத்திருப்பு அறையில், பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக்கொடுத்தார். அவள் வெட்கத்தோடு, முதல் குழந்தை, எல்லாம் நன்றாக இருக்கிறதாம் என்றாள். நம்மவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் மெய்யான பரிதாபம்.

"ஒண்ணுதானா?" என்றார்.

பிறந்தது இரண்டும் பெண். இரண்டும் நலம், தாயும் நலம். தந்தை ஒரு வாரம் எழுந்து நடக்கவில்லை.

இதெல்லாம் மீசைக்காரர்களுக்கு மட்டும் வருவது என்று எண்ணிச் சிரித்துக்கொண்டிருக்கும் வாசகரே, கொஞ்சம் பொறுங்கள். அத்தைக்கு வரும், சித்தப்பாவுக்கு வரும், கல்யாணமே ஆகாத நண்பருக்கும் வரும். அடுத்தவர் உடம்புக்குள் நடப்பது அவரைவிடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு நிமிஷம் தோன்றினால் போதும், பிடித்துக்கொள்ளும். இதைப் படித்துவருகையில் எங்கேயாவது நிறுத்தி விரல்விட்டு வாரக்கணக்குப் போட்டீர்களா? "அது அப்படியில்லையே, எழுதுகிறவனுக்கு விவரம் போதாது" என்று முணுமுணுத்தீர்களா? பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சரியான விவரத்தைச் சொல்லலாம் என்று எழுந்தே விட்டீர்களா?

அப்படியானால் வாழ்த்துகள். உங்களுக்கு எத்தனை வாரம்?