செருப்பு தரையில்தான் இருந்தது

மனிதர்களில் ‘ஒரு நிமிஷம்’ என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குப் பழக்கமான இனம்தான். லிஃப்ட் கதவு மூடப் போகும்போது ‘ஒரு நிமிஷம்’ என்று கையை நீட்டி நிறுத்தி, எத்தனை பேர் ஏறலாம் என்று உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்து, நிற்பவர்களின் தலையை எண்ணி, கடைசியாக ஏறியவர் யார் என்று விசாரிப்பவர். மருந்துக்கடையில் முன்னால் நிற்கிற அம்மாள் வரிசையில் நிற்கிறாரா, வரிசைக்குப் பக்கத்தில் நிற்கிறாரா என்று தெளிவுபடுத்திக்கொள்ளாமல் காய்ச்சல் மாத்திரைகூட வாங்காதவர். பெற்ற பிள்ளையோடு பாம்பும் ஏணியும் ஆடும்போது உருண்டு கீழே விழுந்த பகடை செல்லாது என்று சொல்லி, அழுகிற ஐந்து வயதுக் குழந்தைக்கு அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தை வாசித்துக் காட்டுகிறவர். கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் சமாளித்துவிடலாம். அவர்கள் சொல்வது சரியாக இருக்கிறது, அதுதான் தொல்லை.

இந்த இனம் எங்கும் வாழும். ஆனால் நன்றாகக் கொழுத்து வளர்வது, வேலை நாளெல்லாம் வேறு பிழைப்புப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூல் என்கிற மேஜைப் பந்தாட்டம் ஆடுகிறவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் லீக் போட்டிகளில்தான். காரணம் இருக்கிறது. பெரிய போட்டிகளில் வெள்ளைக் கையுறை போட்ட ரெஃப்ரி இருப்பார். எங்கள் லீக்கில் கையுறையும் இல்லை, ரெஃப்ரியும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் பார்த்து, “நீங்க கொஞ்சம் பாருங்களேன்” என்பார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தால் ரெஃப்ரி. அவர் சற்று முன்தான் ஆடித் தோற்றவராக இருப்பார். ஆடப் போகிறவருக்குச் சித்தப்பா மகனாக இருப்பார். கண்ணாடியை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்தவராக இருப்பார். விதி அச்சில் இருக்கிறது, பார்க்க ஆள் இல்லை. இங்கே வளராமல் ‘ஒரு நிமிஷம்’காரர் வேறு எங்கே வளர்வார்?

எங்கள் அணியில் இருப்பவரை உட்பிரிவு என்று கூப்பிடுவோம். முகத்துக்கு நேராகவேதான், அதில் அவருக்குப் பெருமை. கடைகளின் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற அலுவலகத்தில் வேலை. எங்கள் அணிக்குச் செயலாளர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் ‘செயலாளர்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தை அவரால் தாங்க முடியாது. டயர் கடைக்கு மாடியில் இருக்கிற எங்கள் கூடத்துக்கு ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் முன்பே வந்துவிடுவார். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மேஜையின் நாலு மூலையிலும் வைத்துப் பார்ப்பார். மேஜைக் கால் ஒன்றுக்கு அடியில் அட்டை மடித்துச் சொருகியிருக்கிறது. எத்தனை மடிப்பு என்று அவருக்குத் தெரியும், யாராவது ஒரு மடிப்பைக் குறைத்தால் அதுவும் தெரியும். பிறகு பிளாஸ்டிக் உறை போட்ட விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூலையில் இருக்கிற குள்ள முக்காலியில் உட்காருவார். ஏன் குள்ள முக்காலி? கூடத்தில் எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். அவர் கால்களைப் பார்ப்பார்.

அவரிடம் மூன்று வாக்கியங்கள் உண்டு. “எனக்கு யார் மேலயும் கோபம் கிடையாது.” “நான் சொல்லல, புத்தகம் சொல்லுது.” மூன்றாவது உங்களுக்குத் தெரியும்.

ஆட்டம் இவ்வளவுதான்: ஒருவருக்கு ஏழு சிவப்புப் பந்து, இன்னொருவருக்கு ஏழு மஞ்சள். வெள்ளைப் பந்தைக் கியூ என்கிற நீளக் கோலால் அடித்து, தன் ஏழையும் குழிகளில் தள்ளிவிட்டு, கடைசியாகக் கறுப்புப் பந்தைத் தள்ளுகிறவர் ஜெயித்தார். ஆனால் கறுப்பைத் தள்ளுகிற அந்த அடியில் ஃபவுல் செய்துவிட்டால், ஜெயித்த ஆட்டம் அப்படியே தோற்ற ஆட்டம் ஆகிவிடும். அந்த ஒரு வரிக்காகவே உட்பிரிவு பிறந்தார் என்று நினைக்கிறேன்.

எங்கள் அணியில் ஒரு தையல்காரர் இருந்தார். உட்பிரிவின் சொந்தத் தங்கையைக் கட்டியவர். குள்ளமான மனிதர், நாளெல்லாம் மிஷின் மிதிக்கிறவர் என்பதால் எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிட வசதியாகப் பின்பக்கம் வார் இல்லாத செருப்புத்தான் போடுவார். நாங்கள் போட்டுக்கொள்கிற பச்சைச் சட்டைகள் எல்லாம் அவர் தைத்துக் கொடுத்தவை. அந்த சீசனில் பதினாறு ஆட்டம் ஆடி, பதினாறிலும் தோற்றிருந்தார். சுவரில் ஒட்டிய அட்டவணையில் எல்லோருக்கும் நேராக ஏதோ ஓர் எண் இருக்கும், அவருக்கு நேராகப் பூஜ்யம். ‘ஒரு சீசனில் ஓர் ஆட்டமாவது வெல்லாதவருக்கு அடுத்த சீசனில் இடமில்லை’ என்று எங்கள் அணிக்கு ஒரு விதி உண்டு. யார் எழுதியது என்று கேட்கிறீர்களா? நீங்கள் ஏற்கெனவே ஊகித்துவிட்டீர்கள். மச்சான் என்பதற்காக அதில் ஒரு கமாகூட மாறவில்லை.

கடைசி ஞாயிறு. ஒன்பது ஆட்டத்தில் எட்டு முடிந்து நாலுக்கு நாலு. ஒன்பதாவது தையல்காரருடையது. எதிரே ஓர் எலக்ட்ரீஷியன், கை சுத்தமான ஆட்டக்காரர். தையல்காரரின் மனைவி முதல் தடவையாகப் பார்க்க வந்து, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நீங்க கொஞ்சம் பாருங்களேன்” என்றார்கள், நான் டம்ளரைக் கீழே வைத்தேன். ஆகவே ரெஃப்ரி நான்.

என்ன ஆயிற்றோ, அன்று அந்த மனிதருக்குக் கை பேசியது. ஏழு மஞ்சளும் உள்ளே போயின. கறுப்பு எட்டாத மூலையில் நின்றது. கியூவைத் தாங்கிப் பிடிக்க ஒரு கொம்பு இருக்கிறது. தலை உடைந்து டேப் சுற்றியது, அதை யாரும் நம்புவதில்லை. தையல்காரர் மேஜை விளிம்பில் வயிற்றை வைத்துப் படுத்து, எக்கி, இன்னும் கொஞ்சம் எக்கி, அடித்தார். கறுப்பு போய் விழுந்த சத்தம் கேட்டது. நாங்கள் கத்திய கத்தில் கீழே டயர் கடையில் காற்று அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு மேலே பார்த்தாராம். தையல்காரர் இறங்கி நின்று, சிரிக்காமல், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

“ஒரு நிமிஷம்.”

முக்காலி காலியாகிவிட்டிருந்தது.

“கைதட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு யார் மேலயும் கோபம் கிடையாது. விதி ஒன்பது, உட்பிரிவு இ. அடிக்கும்போது ஒரு காலாவது தரையில இருக்கணும். மாப்ளைக்கு ஒரு கால் அந்தரத்துல. இன்னொண்ணு, இடது கால், செருப்பை விட்டுட்டு மேல போயிடுச்சு.”

“செருப்பு தரையிலதான இருந்துச்சு?” என்று கேட்டார் எலக்ட்ரீஷியன். தோற்றவர் அவர், அதை மறந்துவிட வேண்டாம்.

“செருப்பு இருந்துச்சு. கால் இருந்துச்சா?”

“கால் செருப்புல பட்டுச்சு, செருப்பு தரையில பட்டுச்சு. கனெக்‌ஷன் விட்டுப்போகலைல்ல?”

“பட்டுச்சாங்கறதுதான் கேள்வி.”

“சார், நானே தோத்துட்டேன்னு சொல்றேன். உங்க டீம் ஜெயிச்சிருக்கு. உங்களுக்கு என்ன சார் கஷ்டம்?”

“நீங்க சொல்ல முடியாது. எதிராளி மன்னிக்கறதுக்குப் புத்தகத்துல இடமே இல்லை.”

அடுத்த நாற்பது நிமிஷம் கூடத்தில் நடந்ததை நான் எந்தச் சுவையும் சேர்க்காமல் சொல்கிறேன். ஆட்சேபம் அடுத்த அடிக்கு முன்னால் எழுப்பப்பட வேண்டும் என்று ஒருவர் புத்தகத்தில் கண்டுபிடித்தார். கறுப்பு விழுந்த பிறகு அடுத்த அடியே கிடையாது, ஆகவே அவகாசம் முடியவே முடியாது, நாளைக்குக்கூட எழுப்பலாம் என்று உட்பிரிவு விளக்கினார். எதிரணி முழுக்கத் தையல்காரருக்காக வாதாடியது. எங்கள் அணியில் பாதிப் பேர், செயலாளர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று தையல்காரருக்கு எதிராகப் பேசினார்கள். ஒருவர் செருப்பின் கனத்தை ஸ்கேலால் அளந்து இரண்டு சென்டிமீட்டர் என்று அறிவித்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நடந்ததை நடித்துக் காட்டச் சொன்னார்கள். வலது கால் செருப்பை முதலில் இருந்த இடத்திலேயே வைத்து, கறுப்பையும் வெள்ளையையும் பழைய இடத்தில் நிறுத்தி, தையல்காரரை மறுபடியும் மேஜையில் படுக்க வைத்தார்கள். அவர் அடித்தார். கறுப்பு விழுந்தது. “இன்னும் கொஞ்சம் இடது பக்கம்” என்றார் ஒருவர். மறுபடி அடித்தார், விழுந்தது. ஆறு தடவை. சீசன் முழுக்க ஓர் ஆட்டம் ஜெயிக்காத மனிதர் அன்றைக்குக் கறுப்பை ஆறு தடவை தொடர்ந்து தள்ளினார், ஒருவரும் பந்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ரெஃப்ரி என்ன சொல்றார்?” என்று கேட்டார்கள் கடைசியில். கடைசியில்தான்.

“நான் பந்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்” என்றேன்.

“ரெஃப்ரின்னா முழு ஆளையும் பார்க்கணும்” என்றார் உட்பிரிவு. எனக்கு அவமானமாக இருந்தது. அவர் சொன்னது சரி என்பதில் அதைவிட எரிச்சலாக இருந்தது.

அப்போது தண்ணீர் கேன் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“அண்ணா, ஒரு நிமிஷம்.”

தங்கை. முக்காலியில் கிடந்த விதிப் புத்தகத்தைப் பொழுது போகாமல் எடுத்துப் புரட்டியிருக்கிறார். இந்த அண்ணனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர். கல்யாணப் பதிவேட்டில் மாப்பிள்ளையின் கையெழுத்துக் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று இரண்டாம் முறை போடவைத்த அண்ணன்.

“பதினாலு, உட்பிரிவு அ. ‘ரெஃப்ரி பார்க்கத் தவறிய அடியைப் பற்றி, அடித்தவரையே கேட்க வேண்டும். அவர் சொல்வதே முடிவு.’” நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். “இவரைக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. பத்துப் பேர், நாற்பது நிமிஷம், செருப்பைக் கேட்டோம், ஸ்கேலைக் கேட்டோம், கால் யாருடையதோ அவரைக் கேட்கவில்லை.

எல்லோரும் திரும்பினார்கள். தையல்காரர் ஒரு செருப்போடு சுவர் ஓரமாக நின்றிருந்தார். அவர் ‘பட்டது’ என்று சொன்னால் ஆட்டம் அவருடையது, போட்டி எங்களுடையது, பூஜ்யம் அழிந்தது, அடுத்த சீசனில் இடம் உண்டு. ஒரு வார்த்தை போதும். அதை அவருக்கு முன்னால் புரிந்துகொண்டவர் உட்பிரிவுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக, புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னார்.

“மாப்ள, அவசரமே இல்லை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பெருவிரல் நுனி பட்டிருந்தாக்கூடப் போதும்.”

“யோசிக்க என்ன மச்சான் இருக்கு? என் கால் எனக்குத் தெரியாதா? ரெண்டும் மேலதான் இருந்துச்சு.” குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். “விழுந்த உடனேயே சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். நீங்க எல்லாரும் பேச ஆரம்பிச்சுட்டீங்க.”

போட்டியில் தோற்றோம். முடிவு எழுதிய தாளில் கையெழுத்துப் போடும்போது எலக்ட்ரீஷியனுக்குக் கண் கலங்கியது, ஜெயித்தவருக்கு. தங்கை புத்தகத்தை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, கணவரோடு படி இறங்கிப் போனார்.

அதன் பிறகு உட்பிரிவு இரண்டு நாள் லீவு போட்டு, தான் எழுதிய அந்தப் பூஜ்ய விதியில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். இதை அவரே என்னிடம் சொன்னார். ஓட்டை இல்லை. மனிதர் அவ்வளவு நன்றாக எழுதிவிட்டிருந்தார். தையல்காரர் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று. அடுத்த சீசன் தொடங்கியதும் மற்ற அணிகள் எல்லாம், தங்கள் போட்டிக்கு அவர்தான் ரெஃப்ரியாக வேண்டும் என்று ஆள் அனுப்பிக் கேட்டன. முதல் ஞாயிறு அவர் எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் மூலையிலிருந்து குரல் வந்தது: “ஒரு நிமிஷம். ரெஃப்ரி அணியில இருக்கிற யாருக்கும் நெருங்கிய உறவா இருக்கக் கூடாது. நாலு, உட்பிரிவு ஆ.” சரிதான். அப்படி ஒன்று இருக்கிறது.

நல்லவேளை, நீங்கள் இந்த இனம் இல்லை. நீங்கள் ரசிக்கத் தெரிந்தவர், விட்டுக்கொடுக்கிறவர், ஓர் இடத்தில் கமா விழாமல் போனால் தூக்கம் கெடாதவர். ஆனால் தரையில் கிடந்தது முதலில் இடது கால் செருப்பு என்றும், பிறகு வலது கால் செருப்பு என்றும் நான் சொல்லிவிட்டதை அப்போதே பிடித்து, அந்த வரியில் விரலை வைத்தபடியே இவ்வளவு தூரம் வாசித்து வந்தீர்கள் என்றால், எங்கள் கூடத்தில் இன்னொரு முக்காலி இருக்கிறது, வந்துவிடுங்கள். பிடிக்காதவர்கள் இப்போது மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். உங்களுக்கும் இடம் பண்ணுகிறோம்.

எந்தக் கால் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார். நீங்களும் அவரைக் கேட்கவில்லை.