காகம் தின்ற கோடு

பிள்ளைகளே, உங்கள் அப்பா பதினெட்டு வயதில் ஒரு சேவலாக இருந்தவர். இதை வேறு யாரும் சொல்லி நீங்கள் அறிவதைவிட நானே எழுதிவைப்பது எனக்கும் மரியாதை, சேவலுக்கும் மரியாதை.

கொழும்பு ஜிந்துப்பிட்டிப் பக்கம் எங்கள் கல்லூரி. சின்ன இடம்தான். மைதானத்தில் பாதிக்குப் புல்லே இல்லை. ஆனால் எங்களிடம் ஒரு உதைபந்தாட்ட அணி இருந்தது. மஞ்சளும் சிவப்புமாக உடுப்பு, கொடியில் முருகன் கோயில் சேவல். அந்த உடுப்போடு பையன்கள் பஸ்சில் ஏறினால் கண்டக்டர்கூட ஒதுங்கி வழிவிடுவார் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தோம். (வியர்வை நாற்றத்துக்கு ஒதுங்கியிருக்கிறார்.)

எனக்கும் அந்த அணியில் விளையாட ஆசை. ஒரு நாள் அணியைப் பழக்கிய விளையாட்டு சேர் என்னைக் கூப்பிட்டு ஒரு பெனால்டி அடிக்கச் சொன்னார். ஓடிவந்து உதைத்தேன். சப்பாத்து கழன்று கோலுக்குள் போனது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

"கோல்தான் தம்பி. ஆனா எழுத ஏலாது" என்றார் சேர். அடுத்த கிழமை என்னைச் சேவலாக்கிவிட்டார்.

அந்தச் சேவலுக்குப் பிரம்புக் கூடைதான் தலை. சிவப்பு ரெக்சினில் கொண்டை, யார் வீட்டிலோ கழற்றிய கர்ட்டனில் செட்டை. உள்ளே நின்றால் இட்லி மாதிரி அவியவேண்டும். பார்ப்பதற்கு முன்னால் இரண்டு ஓட்டைகள். கூடை கொஞ்சம் திரும்பினாலும் உலகமே இருட்டிவிடும். (இதை நினைவில் வைத்திருங்கள்.)

என் சிநேகிதன் சுதாதான் கோல் கீப்பர். நீங்கள் போனில் கதைக்கும் அதே லண்டன் மாமா. இப்போது அவருக்கு வயிறு வைத்துவிட்டது. அப்போது கம்பி மாதிரி இருப்பான்.

அந்த வருஷம் போட்டிக் குழுக்களைக் கலைத்துப் புதிதாகப் பிரித்தார்கள். அதுவரை கொட்டாஞ்சேனை, மருதானைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களோடு விளையாடிய எங்களை, வெள்ளவத்தைக் கல்லூரி ஒன்றோடு ஒரே குழுவில் போட்டுவிட்டார்கள். போய்ப் பார்த்தால் அவர்களும் மஞ்சள் சிவப்பு, அவர்களும் சேவல்! ஒரு குழுவுக்குள் இரண்டு சேவல் கூடாது என்று இரண்டு பக்கத்து சேர்மாரும் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். எங்கள் மைதானத்தில் ஒரு போட்டி. வென்றவர்கள் நிறத்தையும் சேவலையும் வைத்துக்கொள்ளலாம். தோற்றவர்கள் வேறு தேடிக்கொள்ள வேண்டும்.

"மச்சான், எங்கட சேவல எவனுக்கும் குடுக்கிறேல்ல" என்றான் சுதா. அவன் முழங்கையில் பெரிய கட்டு. போன போட்டியில் விழுந்து பிடித்தபோது, கோடு போட்டிருந்த சுண்ணாம்பு பட்டு வெந்திருந்தது.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. மைதானத்துக்குக் கோடு போடுவதும் என் வேலைதான். சுண்ணாம்பு சுடுகிறது. அரிசி சுடுமா? எங்கள் அம்மா வாசலில் தினமும் அரிசி மாவால்தானே கோலம் போடுகிறார்? நேராக மா மில்லுக்குப் போய், மிஞ்சிக் கிடந்த குருணலையும் மாவையும் ஒரு சாக்கு நிறையக் கேட்டு வாங்கினேன். மஞ்சள் தூள் கலந்தேன். சுதாவின் கைக்கும் சுகம், கோடும் எங்கள் நிறம். வெள்ளவத்தைக்காரன் எங்கே நின்றாலும் எங்கள் நிறத்துக்கு நடுவில்தான் நிற்கவேண்டும்!

போட்டிக்குச் சற்று முன்னர் போட்டு முடித்தேன். சேர் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. கலியாண வீடு மாதிரி."

கலியாண வீட்டுக்கு விருந்தாளிகளும் வரவேண்டும் அல்லவா?

முதலில் ஒரு காகம் வந்தது. கோர்னர் கோட்டில் ஒரு கொத்துக் கொத்தி, ருசி பார்த்து, தலையைச் சாய்த்து யோசித்தது. பிறகு சொந்தக்காரரைக் கூப்பிட்டது. இடைவேளை வரும்போது ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றங்களில் இருந்த காகமெல்லாம் எங்கள் மைதானத்தில் இருந்தது. அப்போது ஆளுக்கொரு கோல். இரண்டாம் பாதியில் பெனால்டிப் பெட்டியைக் காணவில்லை.

ரெஃபரி ஒரு சிங்கள ஐயா. என்னிடம் வந்து, "மல்லி, கோ இர?" என்றார். தம்பி, கோடு எங்கே என்று அர்த்தம். நான் காகங்களைக் காட்டினேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"டேய் சேவல், நிண்டு பாக்காம காகத்தக் கலையடா!" என்று சேர் கத்தினார்.

செட்டையை விரித்துக்கொண்டு ஓடினேன். சாதாரண மனுஷன் ஓடியிருந்தால் காகம் பறந்திருக்கும். ஆள் உயரத்தில் ஒரு பறவை தங்கள் சாப்பாட்டுக்கு வருகிறது என்றால் சும்மா விடுமா? அத்தனையும் சேர்ந்து என் தலையில் இறங்கின. கொண்டை போனது. வாலும் போனது. வெள்ளவத்தைப் பையன்கள் கைதட்டிப் பாடினார்கள்: "எங்கட சேவல் கூவும்! உங்கட சேவல் ஓடும்!"

நான் ஓடி ஒளிந்த இடம் சுதாவின் கோலுக்குப் பின்பக்கம். சரியாக அந்த நேரம் பந்து வந்தது. சுதா பாய்ந்து விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். கோலா, இல்லையா? கோடு இருந்த இடத்தில் ஒரு காகம் நின்று வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"கோல்!" என்றார்கள் அவர்கள். "இல்லை!" என்றோம் நாங்கள். ரெஃபரி என்னிடம் வந்தார். அவ்வளவு கிட்ட நின்ற ஒரே சாட்சி நான்தான். ஆனால் காகங்கள் கொத்தியதில் கூடை திரும்பி, என் கண் இரண்டும் பிடரிப்பக்கம் இருந்தன. "ஒண்டும் தெரியேல்ல சேர்" என்றேன், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மைதானமே சிரித்தது.

சுதா மட்டும் சிரிக்கவில்லை. பந்தோடு மெதுவாக எழும்பினான்.

"உள்ள போயிட்டுது, சேர். கோல்தான்."

தோற்றோம். நிறமும் போனது, சேவலும் போனது. வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அழுகையாக வந்தது. "ஏன்டா சொன்னாய்? அங்கதான் கோடே இல்லையே!"

"கோடு இல்லாட்டி, பந்து எங்க நிண்டதெண்டு எனக்குத் தெரியாதா?" என்றான் அவன்.

அடுத்த கிழமை அணி கூடி ஒரே குரலில் புது அடையாளத்தைத் தெரிவுசெய்தது: காகம். உடுப்பு கறுப்பும் சாம்பலும். நான் என் கர்ட்டன் செட்டைக்குச் சப்பாத்து மை பூசிக்கொண்டேன். அந்த வருஷம் நாங்கள் பெரிதாக ஒன்றும் வெல்லவில்லை. ஆனாலும் சுதா பந்தைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் பக்கத்தில் எழுந்த "கா! கா!" சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது.

பிறகு குழுக்களை மறுபடி மாற்றினார்கள். பிள்ளைகள் குறைந்தார்கள், அணி நின்றுபோனது. அந்த மைதானத்தில் இப்போது வான் வண்டிகள் நிற்கின்றன. விளையாடியவர்களில் ஒருவர்கூட இன்று கொழும்பில் இல்லை. நான் மட்டும் இருக்கிறேன், அதுவும் வெள்ளவத்தையில். மகனே, நீ படிப்பது அதே கல்லூரியில். உன் மஞ்சள் சிவப்பு ஜேர்சியை அயன் பண்ணும்போது, நெஞ்சில் இருக்கும் அந்தச் சேவலின்மேல் மட்டும் என் கை கொஞ்சம் மெதுவாகப் போகும். நீ கவனித்திருக்க மாட்டாய்.

சனிக்கிழமை மத்தியானம் உங்கள் அம்மா காகத்துக்குச் சோறு வைக்கத் தந்தால், "அப்பா, உங்கட டீம் வந்திட்டினம்!" என்று நீங்கள் பல்கனியிலிருந்து கத்துகிறீர்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்த சுதா மாமாவும் அந்த நேரம் பார்த்துத்தான் போன் எடுப்பார். "மச்சான், எங்கட ஆக்கள் வந்திட்டாங்களா? போனை வெளியில பிடி." நான் பிடிப்பேன். காகங்கள் கத்தும். பிறகு, "சரிடா, வை" என்பார்.

சோற்றை ஒரு இடத்தில் குவித்து வைக்காமல், மதிலில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராக இழுத்து வைக்கிறேன் என்று அம்மாவிடம் புகார் சொல்கிறீர்களே, இனிச் சொல்லாதீர்கள். அது கோல் கோடு.