பத்தாவது நரம்பின் கிளை வாய்க்கால்

உடம்பு விஷயத்தில் படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்குப் பக்கத்தில்கூடப் படிக்காதவனால் வரமுடியாது. நான் விவசாயப் பட்டதாரி.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பெண் பார்க்கப் போக இன்னும் நான்கு நாள். பெண் கயல்விழி, காது மூக்கு தொண்டை மருத்துவத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சும்மா கிடக்காமல், குறுவைக்கு வைத்திருந்த விதைநெல்லைப் பெரிய மின்விசிறி முன்னால் நின்று தூற்றினேன். (தூற்ற ஆள் இருந்தது. நான்தான் விரட்டிவிட்டேன்.) வலது காதுக்குள் ஏதோ போனது. தூசிதான் என்று முடிவுகட்டி, வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட்டு, வடித்து, பஞ்சால் அடைத்து, மேலே மப்ளரும் சுற்றினேன். மூன்று நாளும் இதே வைத்தியம். காது குறுகுறுத்தது. கூடவே இருமலும் வந்தது. அது தனி வியாதி என்று அதற்கொரு பாட்டில் மருந்து.

பெண் வீட்டில் தலையைத் திருப்பினால் இருமல், தாடையை அசைத்தால் இருமல். கேசரியை ஒரு வாய் போட்டேன். பாதி, பெண்ணின் அப்பா வேட்டியில்.

"தம்பிக்கு எத்தன நாளா இருமலு?" என்றார், வேட்டியைத் துடைத்தபடி.

"பனி ஒத்துக்கலிங்க," என்றாள் என் அக்கா. அது வைகாசி மாதம்.

"நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாத்தீங்களா? தப்பா நெனைக்காதீங்க. பொண்ணக் குடுக்கறோம் பாருங்க."

வெற்றிலைத் தாம்பாளம் சத்தமில்லாமல் உள்ளே திரும்பிப் போவதைப் பார்த்தேன். எழுந்து போவதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் மறுபடி இருமினேன்.

"இருங்கப்பா," என்று கயல்விழி வெளியே வந்தாள். "அவரு ஒவ்வொரு தடவ இருமுறதுக்கு முன்னாடியும் வலது காதைக் குடையறாரு." என்னிடம், "காதைக் காட்டுங்க."

பெண் பார்க்கப் போனவனின் காதைப் பெண் பார்த்தாள், கருவியோடு.

"உள்ள என்னமோ இருக்குப்பா. மூளையிலேருந்து பத்தாவது நரம்பு தொண்டை, நெஞ்சு, வயிறுன்னு எறங்குது. அதுல ஒரு சின்னக் கிளை காதுக்கும் வருது. காதுல உறுத்துனா, தொண்டையிலதான்னு நெனச்சு மூளை இரும வச்சிடும்."

"அடச்சே, கிளை வாய்க்கால்ல அடைப்பு! நாம ஆத்துல தேடிக்கிட்டு கெடக்கோம்," என்றார் அவள் அப்பா. எனக்குக் கல்லூரியில்கூட யாரும் இவ்வளவு தெளிவாக எதையும் விளக்கியதில்லை.

எல்லோரும் ஒரே காரில் தஞ்சாவூருக்கு, அவள் படிக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இடுக்கியால் கயல்விழி வெளியே எடுத்தது ஒரு நெல். அதன் நுனியில் நூல்போல வெள்ளை முளை.

அவள் அப்பா அதை உள்ளங்கையில் வாங்கி, கண்ணாடி போட்டு, வெளிச்சத்தில் பார்த்தார்.

"மொளைப்பு நல்லாருக்கு. தண்ணி எப்பெப்ப வுட்டீங்க?"

சொன்னேன். ஊறவைத்து, நீரை வடித்து, சாக்கால் மூடி மூட்டம் போட்டுக் கதகதப்பில் வைப்பது என்று விதைநெல்லுக்கு ஊரே செய்கிற அத்தனையையும் ஒன்று விடாமல் என் காதுக்குச் செய்திருந்தேன்.

கயல்விழி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கதை முடிந்தது என்று அக்கா செருப்பைத் தேடினாள்.

"எனக்குச் சம்மதம்ப்பா," என்றாள் கயல்விழி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவரத் தனியா வுட்டா மூக்குலயும் நட்டுடுவாரு."

இப்போது அவள் பேராசிரியை. பத்தாவது நரம்பு பாடம் வரும்போதெல்லாம் 'ஒரு விவசாயி' கதை நடக்கும். பெயர் சொல்வதில்லையாம், நோயாளியின் ரகசியம். ஆனால் வீட்டுக்குச் சாப்பிட வரும் மாணவர்கள் எனக்கு வணக்கம் சொல்லும்போது யாருடைய கண்ணும் என் முகத்தில் நிற்பதில்லை. போன தைப்பொங்கலுக்கு வந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டே விட்டாள்: "சார், அது என்ன ரகம் சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார், சொந்த வயலைப் பற்றிச் சொல்கிற பெருமையோடு: "குறுவை ரகம்மா. மூணே நாள்ல மொளச்சுது!"