பாட்ஸ் பார்த்துத் தருபவர்

சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்ததும் கல்முனைப் பக்கத்துக்குக் கொழும்புச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கின. அவற்றோடு ஒரு புதுவகை மனிதரும் வந்து சேர்ந்தார். கையில் இருக்கும் காசுக்குள் கேம் விளையாடக் கொம்பியூட்டர் பூட்ட நினைப்பவர்களுக்குப் பாட்ஸ், அதாவது அதன் பாகங்கள், பார்த்துத் தருபவர். அவரைத் தேடி நீங்கள் அலையத் தேவையில்லை. தேநீர்க் கடையில் உட்கார்ந்து 'கொம்பியூட்டர்' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து மேசையிலிருந்து கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

உங்களுக்கு என்ன தேவை என்று அவர் கேட்கமாட்டார். எதை வாங்க இருந்தீர்கள் என்றுதான் கேட்பார். நீங்கள் சொன்னதும், மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்போலக் கண்ணை மூடித் தலையை அசைப்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீங்கள் அதை வாங்கமாட்டீர்கள்.

நான் சொல்லப்போகும், ஊரே அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் மீராசா நானா இந்த இனத்தில் முதல் தரம். கடைத்தெருவில் அவருக்கு ஒரு புடைவைக் கடை. உடுக்கச் சாரம் வாங்க வந்தவர் ஒரு பக்கம் காத்து நிற்க, அளவுகோலைப் பிடித்தபடி மறுபக்கம் நிற்பவரிடம், பிராசசர் பாய்ந்து கிராபிக்ஸ் காட் படுத்தால் என்ன ஆகும், ராமை ஏன் ஒற்றையாகப் போடாமல் சோடியாகப் போட வேண்டும், மலிவான பவர் சப்ளை எப்படித் தான் எரிவதோடு நில்லாமல் மற்றவற்றையும் எரித்துவிட்டுப் போகும் என்றெல்லாம் அவர் விளக்கிக்கொண்டே போவார்; சாரக்காரர் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு இதே வழியால் திரும்பிப் போவதும் அவர் கண்ணில் படாது. வயற்காரர்களுக்கென்று தனி விளக்கம் வைத்திருந்தார். குளம் நிறையத் தண்ணீர் இருந்தாலும் வாய்க்கால் ஒடுங்கினால் வயலுக்கு வருமா என்று கேட்பார். வராதுதான். அவர்களும் வாங்காமல் போய்விடுவார்கள்.

கொமிஷன் எடுப்பாரா? ஒரு சதம் தொடமாட்டார். ஆபத்தே அதில்தான் இருந்தது. கொமிஷன்காரனுக்கு வியாபாரம் ஒருநாள் முடிய வேண்டும். இவருக்கு அது முடியவே கூடாது.

இந்த மனிதரிடம்தான் கஜேந்தினி போய்ச் சேர்ந்தாள்.

அவள் பாண்டிருப்புப் பிள்ளை. மீராசா நானாவின் கடைக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் வேலை. தகப்பனைச் சுனாமி கொண்டுபோனது. சுனாமிக்குப் பிறகு, வன்னியில் வீடு கட்டும் வேலை இருக்கிறதென்று போன தம்பி துசாந், பாதை மூடியதும் அங்கேயே அகப்பட்டான். சண்டை முடிந்தபோது உயிரோடு இருந்தான். வவுனியாவில் ஒரு தடுப்பு முகாமில். தாய் பூமணியும் அவளும் பார்க்கப் போகும்போதெல்லாம் எதைக் கேட்டாலும் 'ஓம்' என்று ஒத்துக்கொள்வான், அவ்வளவுதான். போவதற்கு முன்னர் அவன் கல்முனைக் கேம் கடையில் பழியாய்க் கிடந்து விளையாடிய கார் ஓட்டப் பந்தயத்தைப் பற்றி ஒருமுறை கஜேந்தினி சும்மா சொல்லிவைத்தாள். அந்தப் பேச்சுக்கு மட்டும் தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

அன்றே முடிவெடுத்தாள். அவன் வீட்டுக்கு வரும்போது அந்தக் கேம் ஓடுகிற ஒரு கொம்பியூட்டர் வீட்டில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்ட மீராசா நானாவுக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. அளவுகோலைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம். எனக்கிட்ட உட்டுடுங்க."

அவள் விட்டாள்.

முதலில் கேசிங் வந்தது. வீட்டுக்கு அத்திவாரம்போல, கொம்பியூட்டருக்குக் கேசிங் என்றார். கறுப்புப் பெட்டி, பக்கத்தில் கண்ணாடி. அத்தோடு நின்றது. ஏனென்றால் பவர் சப்ளை வாங்க வேண்டுமானால் எந்தக் கிராபிக்ஸ் காட் என்று தெரிய வேண்டும். காட்டைத் தீர்மானிக்கப் பிராசசர் தெரிய வேண்டும். பிராசசரைத் தீர்மானிக்க மதர்போட் தெரிய வேண்டும். மதர்போட்டிலோ கொழும்புக்குப் புது மொடல் வரப்போகிறது. கடற்காற்றுக்குத் துருப்பிடிக்கும் என்று நானா எச்சரித்ததால் பூமணி அந்தப் பெட்டிக்குப் பூப்போட்ட துணி போர்த்தி வைத்தாள். உள்ளே துருப்பிடிக்க ஒன்றுமில்லை என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பெருநாளுக்கு வட்டிலப்பம் சாப்பிட நானாவின் வீட்டுக்குப் போனபோதுதான் கஜேந்தினி ஒன்றைக் கவனித்தாள். அந்த வீட்டில் கொம்பியூட்டரே இல்லை. அவருடைய மனைவி றாஹிலாவிடம் கேட்டாள்.

"நாங்க கலியாணம் முடிச்ச காலத்துல இருந்து எடுக்கப் போறாரு" என்றாள் றாஹிலா. "எடுக்கிறத்துக்குள்ள புதுசு வந்திடுது தங்கச்சி."

அதன்பிறகு கஜேந்தினிக்குப் பயம் பிடித்தது. கடைத்தெருவின் மறுமுனையில் குணம் என்பவர் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தார். அவரிடம் யாரோ பாவித்துக் கொடுத்த மெஷின் ஒன்று ஓடுகிற நிலையில் இருந்தது. நானாவையும் கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய பிழை அது. நானா பக்கத் தகட்டைக் கழற்றி, டொக்டர் நாக்கைப் பார்ப்பதுபோல உள்ளே பார்த்தார். கார்க் கேம் ஓடும் என்று குணம் பொறுமையாகச் சொன்னார். ஓடுவது வேறு, ஓட வேண்டிய மாதிரி ஓடுவது வேறு என்று நானா இன்னும் பொறுமையாகச் சொன்னார்.

"நானா, தம்பி வந்திருவான்" என்றாள் அவள்.

"அதுக்குத்தானே சொல்றன். அவ்வளவு கஸ்டப்பட்டு வாற புள்ளைக்குப் பழசையா குடுக்கிற? கொஞ்சம் பொறுங்க, புதுசு வருகுது."

எந்த அக்காவுக்கு இதற்குமேல் பழசை வாங்க மனம் வரும்? அவள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள்.

புதுசு வருவதற்குள் துசாந் வந்துவிட்டான்.

வந்தவன் மூலையில் உட்கார்ந்தான். தண்ணீர் குடிக்கலாமா என்று தாயிடம் கேட்டான். முற்றத்துக்குப் போகலாமா என்று கேட்டான். சொந்த வீட்டில் மகன் இப்படி அனுமதி கேட்கக் கேட்க, பூமணி 'ஓம் மனே, ஓம் மனே' என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்பருகே நின்று அழுதாள். கஜேந்தினிக்கு அவன் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. சாப்பிட்ட கையோடு ஒருநாள் அவன் மேசையருகே நின்று பூப்போட்ட துணியை விலக்கினான். கண்ணாடி வழியாக நெடுநேரம் உள்ளே பார்த்தான்.

"இதுக்குள்ள இருந்ததையெல்லாம் ஆர் கழட்டினது?"

வீடுகளின் கூரையையும் யன்னலையும்கூடக் கழற்றிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு அங்கேயிருந்து வந்தவன் வேறு எப்படிக் கேட்பான்?

"ஒருத்தரும் கழட்டல்லடா. இன்னும் போடவே இல்ல. மீராசா நானா நல்ல பாட்ஸ் பார்த்துக்கொண்டு இரிக்கார்" என்றாள் கஜேந்தினி.

எவ்வளவு காலமாக என்று கேட்டான். அவள் அத்திவாரத்திலிருந்து வாய்க்கால் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். துசாந்தின் வாய் கோணியது. பிறகு சிரித்தான். தாய் ஓடிவந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் கஜேந்தினி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள். யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. குணத்தின் மெஷின் ஓட்டோவில் ஏறி அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்தது.

முதல் வளைவிலேயே துசாந் காரை மதிலில் மோதி, ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அதைக் கேட்டு எந்தத் தாயும் பூமணியைப்போல மகிழ்ந்திருக்கமாட்டாள். யாரிடமும் அனுமதி கேளாமல் அவன் இன்னொரு பந்தயம் தொடங்கினான்.

அந்த வாரமே மீராசா நானா புது மொடல் வந்துவிட்டது என்ற நற்செய்தியோடு வந்தார். மேசையைப் பார்த்தார். கண்ணை மூடித் தலையை அசைக்கத் தொடங்கினார். துசாந் எழும்பிக் கதிரையை அவர் பக்கம் தள்ளினான். "இரிங்க நானா. ஒரு ஓட்டம் ஓடுங்க."

ஊருக்கெல்லாம் பாட்ஸ் பார்த்தவர் வாழ்க்கையில் ஒரு கேமும் விளையாடியதில்லை என்பது அப்போதுதான் வெளிச்சமானது. கார் பின்பக்கமாகப் போனது, வேலியில் ஏறியது, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. துசாந் அவர் விரல்களைப் பிடித்து எந்தக் கட்டையை எப்போது அழுத்துவதென்று காட்டினான். முகாமிலிருந்து வந்தபிறகு அவன் ஒருவரோடு அவ்வளவு நேரம் கதைத்தது அன்றுதான். நானாவுக்கு வியர்த்தது.

"படம் துள்ளுது மனே" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"துள்ளட்டும் நானா. ஓடுதுதானே."

கடை திறந்து கிடக்கிறதென்று றாஹிலா போன் எடுக்கும்வரை அவர் எழும்பவில்லை. வாசலில் செருப்பைத் தேடியபடி, பிள்ளை நன்றாகக் கதைக்கிறான் என்று கஜேந்தினியிடம் சொன்னார். ஒரு செருப்பை மட்டும் மாட்டியவர் அவள் பக்கம் திரும்பினார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

"எண்டாலும் தங்கச்சி, அந்தக் காட்டை மட்டும் மாத்தினா..."

அவள் சிரித்துக்கொண்டே படலையைச் சாத்தினாள்.

இப்போது உங்களிடம் வருகிறேன். மீராசா நானாவைப் பார்த்து இவ்வளவு நேரம் நன்றாகத்தான் சிரித்தீர்கள். உண்மையைச் சொல்லுங்கள்: குணத்தின் மெஷினுக்குள் எந்தக் காட் இருந்திருக்கும் என்று இடையில் எங்காவது யோசித்தீர்களா? அதே காசுக்கு அதைவிட நல்லதொன்று எடுத்திருக்கலாம் என்று மனதுக்குள் ஒரு சின்ன முனகல் கேட்டதா?

கேட்டதென்றால், இன்றைக்குத் தேநீர்க் கடைப் பக்கம் போகாதீர்கள். அங்கே யாராவது ஒரு அக்கா அவசரமாக எதையாவது வாங்கப் புறப்பட்டிருப்பாள்; நீங்கள் கதிரையை இழுத்துக்கொண்டு போய்விடுவீர்கள்.