பங்களாத் தரை

முன்கதவு திறக்க மறுத்தபோதுதான், தரையில் அடித்த பலகைக்குத் தடிப்பு என்று ஒன்று இருப்பது ஜூட்சனுக்கு உறைத்தது. அறையின் நீளம், அகலம், பலகையின் அகலம் எல்லாவற்றையும் ஒரு கணித ஆசிரியருக்குரிய பக்தியோடு கணக்கிட்டிருந்தான். உயரத்தை மட்டும் விட்டுவிட்டான்.

வெளியே அம்மா சுகிர்தம் மரக்கறிப் பையோடு நின்றாள்.

"கதவத் தொறடா."

"தொறக்க ஏலாதும்மா. பலகை தடுக்குது."

"செவப்பு சிமெந்துத் தரை நல்லாத்தானே இருந்திச்சு. அதுல மூஞ்சி பாத்துத் தல சீவலாம். அது மேல போயி ஆணி அடிச்சு வச்சிருக்க."

"பின்பக்கமா வாங்கம்மா."

எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்காக. பூசை முடிந்ததும் ஷெரோமியின் அப்பா ஜோர்ஜ் வீடு பார்க்க வருகிறார். வீடு பிடித்தால் கல்யாணம். பிடிக்காவிட்டால் ஷெரோமி வேறு யாருக்கோ. ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளையை, வீட்டைப் பார்த்த கையோடு வேண்டாமென்றவர் அவர்.

"எங்கப்பா உள்ள கால் வச்சதும் தரையத்தான் பாப்பாரு" என்று ஷெரோமி போனில் சொல்லியிருந்தாள். "காலமெல்லாம் தொரை பங்களாவுல இருந்தவரு. கொஞ்சம் பாத்துக்கங்க."

ஜூட்சன் பார்த்துக்கொண்டான். கொத்மலைப் பக்கம் இடித்த ஒரு பழைய பங்களாவின் பலகைகளை லொறியில் ஏற்றிவந்தான். ஒவ்வொன்றும் ஓர் ஆள் புரண்டு படுக்கும் அகலம். ஷெரோமியிடம் மூச்சு விடவில்லை. நேரில் பார்த்து அசந்துபோகட்டும் என்று விட்டுவிட்டான்.

கதவைக் கழற்றி அடிப்பக்கத்தை அறுத்தான். இந்த முறை உயரத்தை மறக்கவில்லை, கொஞ்சம் அதிகமாகவே நினைவு வைத்துக்கொண்டான். மாட்டியதும் கதவு அருமையாகத் திறந்தது. அதன் கீழே ஒரு பூனை தலை குனியாமல் போய்வரலாம். பூனை வரவில்லை. வட்டகொடை மலையின் மூடுபனிதான் வந்து, உறவுக்காரரைப் போல நடு அறையில் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஈரத்திலேயே சாயம் பூசினான். துண்டுப் பலகையில் தேன் நிறத்தில் மின்னிய சாயம், தரையில் ஒரு பலகையில் கோப்பியாகவும் அடுத்ததில் வெறுந்தேத்தண்ணியாகவும் பிடித்தது. அதைச் சமப்படுத்த, காயுமுன்னே இரண்டாம் பூச்சு அடித்தான். நிறம் சமமாகியது. தார் ரோட்டுக்கும் அறைக்கும் இப்போது ஒரே வித்தியாசம், ரோடு காய்ந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நண்பன் கிஷாந்த் வந்து வாசலிலேயே நின்றான். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் அவனுக்கு வேலை.

"கொழுந்து மாதிரிதான்டா இதுவும். கீழ சூடு, மேல காத்து. பொழுது சாயுறதுக்குள்ள வாடிரும்."

"இது பலகைடா."

"மரந்தானே. தேயிலையும் மரந்தான்."

பதற்றத்தில் இருந்த மனிதனுக்கு அது தர்க்கமாகப் பட்டது. நான்கு மூலையிலும் கரி அடுப்பு வைத்தார்கள். நடுவில் மின்விசிறியை முழு வேகத்தில் விட்டார்கள். சூடு எங்கே போனதென்று தெரியவில்லை. சாம்பல் மட்டும் எழும்பி, அறையை ஒரு சுற்று சுற்றி, ஈரச் சாயத்தில் அமைதியாக இறங்கியது. தரைக்கு நரை விழுந்தது.

அம்மா தேத்தண்ணியோடு வந்தாள். மூன்றாவது அடியில் செருப்பு நின்றுவிட்டது, அம்மா தொடர்ந்தாள். பிடித்து இழுத்ததில் வார் கையோடு வந்தது. அடி வரவில்லை.

"நல்ல செருப்புடா அது" என்றாள்.

ஞாயிறு காலையில் ஷெரோமியிடமிருந்து போன் வந்தது.

"தரையெல்லாம் சரிதானே?"

"சரி."

"அப்பா ராத்திரியிலயிருந்து அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காரு."

ஜூட்சன் கிஷாந்தைக் கூப்பிட்டான். கிஷாந்த் தலவாக்கலைக்கு ஓடி, வெள்ளை டைல்ஸ் படம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். விரித்ததும் தரை அதை ஆவலோடு பிடித்துக்கொண்டது. ஒரு மூலை கோணல். நிமிர்த்த இழுத்தார்கள், வரவில்லை. இனி எந்தக் காலத்திலும் வராது. நடுவில் செருப்பின் அடி புடைத்து நின்றது. அதன் மேல் டீப்போ என்கிற குட்டி மேசையை வைத்தார்கள்.

"ஆடுதேடா" என்றான் ஜூட்சன்.

"பைபிள வை. யாரும் தொட மாட்டாங்க."

முச்சக்கரவண்டி வந்து நின்றது. ஜோர்ஜ் இறங்கினார், பின்னால் ஷெரோமியும் அவள் தங்கை றொசானாவும். ஜோர்ஜ் வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே கால் வைத்தார். தரையைப் பார்த்தார்.

மெதுவாகக் குனிந்து, முட்டி மடக்கென்று சத்தம் போட, தரையில் மண்டியிட்டார். உள்ளங்கையால் விரிப்பைத் தடவினார். ஜூட்சன் தன் கல்யாணம் அங்கே குப்புறக் கிடப்பதைப் பார்த்தான்.

"இதுக்கு மெழுகு போடணுமா, தம்பி?"

"இல்லீங்க மாமா."

"தேய்க்கணுமா?"

"ஈரத் துணியால ஒரு இழுப்பு இழுத்தாப் போதுங்க."

ஜோர்ஜ் எழும்பினார். கண் கலங்கியிருந்தது. ஜூட்சனின் தோளைத் தட்டினார்.

"நிச்சயத்துக்கு நாள் பாப்போம்" என்றவர், சுகிர்தம் கூப்பிட, குசினிப் பக்கம் தேத்தண்ணி குடிக்கப் போனார். ஷெரோமி சிரித்துக்கொண்டே பின்னால் போனாள்.

றொசானா மட்டும் கேக் துண்டோடு டீப்போவருகே நின்றாள். ஜூட்சனுக்கு மனம் கேட்கவில்லை. இப்படி அசலை மறைத்து, போலியைக் காட்டிப் பெண் எடுப்பது வாத்தியாருக்கு அழகா?

"தங்கச்சி, இந்த விரிப்புக்குக் கீழ அசல் பங்களாப் பலகை போட்டிருக்கேன். மாமாகிட்ட சொல்லிரட்டுமா?"

றொசானா மெல்லுவதை நிறுத்தினாள்.

"வாயத் தொறந்துறாதீங்க மச்சான். போன மாசம் ஹட்டன் மாப்பிள்ளை வீட்டுல பலகைத் தரையப் பாத்துட்டு, அப்பா தேத்தண்ணி கூடக் குடிக்காம எழும்பி வந்துட்டாரு. காலமெல்லாம் தொரை பங்களாவுல முட்டி போட்டு அதத்தானே மெழுகுனாரு."